பார்ட்டிகல் எமிட்டரில் செய்த வாணவேடிக்கை ஏன் உண்மைபோல் தெரியவில்லை?

தீபாவளி வாழ்த்துக் காட்சிக்காக யூனிட்டி என்னும் கணினிக் காட்சி உருவாக்கும் மென்பொருளில் பார்ட்டிகல் எமிட்டரை (ஏராளமான சிறு ஒளித்துகள்களை உமிழும் கருவியை) கொண்டு வாணவேடிக்கை செய்ததாகவும், துகள்களை எவ்வளவு கூட்டினாலும் அது பொம்மை வேலைபோலவே தெரிவதாகவும், எதை மாற்ற வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் மேடை நிகழ்ச்சிகளுக்குப் பின்திரைக் காட்சிகள் வடிவமைப்பது என் தொழில் என்பதால், இதே கேள்வி என்னிடமும் அடிக்கடி வருகிறது. துகள்களைக் கூட்டுவதை விட்டுவிட்டு முதலில் காற்றைச் சேருங்கள் என்பதே என் பதில்.

வானத்தில் வெடிக்கும் குண்டுக்குள் வண்ண மருந்து உருண்டைகளும், அவற்றைச் சிதறடிக்கும் வெடிமருந்தும் இருக்கின்றன. வெடித்த கணத்தில் உருண்டைகள் மிகுந்த வேகத்தில் கிளம்புகின்றன. ஆனால் அவை சிறியவை, எடை குறைந்தவை என்பதால் காற்று அவற்றை உடனே பிடித்து நிறுத்திவிடுகிறது. விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் கிளம்பும் துகளை எடுத்துக்கொள்வோம். காற்றுத் தடை இல்லாவிட்டால் அது முதல் விநாடியில் 80 மீட்டரும், இரண்டாம் விநாடி முடிவதற்குள் 160 மீட்டரும் போய்விடும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் தடையை, மீட்டருக்கு 0.05 என்ற கெழுவுடன் சேர்த்துப் பாருங்கள்: ஈர்ப்பு விசையைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், அதே துகள் முதல் விநாடியில் ஏறத்தாழ 32 மீட்டர் போகிறது, அடுத்த விநாடியில் 12 மீட்டர்தான் கூடுகிறது. மலர் சட்டென விரிந்து, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பிறகு மெல்லச் சரியும் அந்த அழகு முழுவதும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. தடை சேர்க்காத வெடிப்பு, பூங்காவின் நீரூற்றைப்போல வளைந்து விழும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ தவறு என்று கண் சொல்லிவிடும்.

யூனிட்டியில் இதற்கு ‘லிமிட் வெலாசிட்டி ஓவர் லைஃப்டைம்’ பகுதியில் உள்ள ‘டிராக்’ (காற்றுத் தடை) மதிப்பைப் பயன்படுத்தி, வேகத்துக்கேற்பத் தடையைக் கூட்டும் ‘மல்டிப்ளை பை வெலாசிட்டி’யையும் இயக்கிவிடுங்கள். அங்கே எந்த எண் சரி என்று தேடுவதைவிட, முதல் விநாடியிலும் இரண்டாம் விநாடியிலும் மலர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளந்து அதற்கேற்ப எண்ணை மாற்றுவதே எளிது. எரிய எரிய உருண்டை சிறுக்கிறது, சிறுக்கச் சிறுக்கக் காற்றின் பிடி கூடுகிறது என்பதால், தடையை ஆயுளின் இறுதியில் சற்று உயர்த்துவது இன்னும் நல்லது.

வால்விடும் வாணங்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உருண்டையிலிருந்து உதிரும் பொறிகள் மிக நுண்ணியவை; உதிர்ந்த இடத்திலேயே ஏறக்குறைய நின்றுவிட்டு, காற்று வீசும் பக்கம் நகர்ந்தபடி அணைகின்றன. ஆகவே வாலை ஒரு நாடாவாக இழுக்காமல், ஒவ்வொரு துகளிலிருந்தும் சப் எமிட்டர் (துகளிலிருந்தே புதிய துகள்களை உமிழும் துணை எமிட்டர்) மூலம் பொறிகளை உதிரச் செய்து, தாய்த் துகளின் வேகம் அவற்றுக்குப் போகாதபடி தடுத்துவிடுங்கள். நீளமாகத் தொங்கி இறங்கும் பொன்னிற வாணத்தின் உயிரே இந்தப் பொறிகளில்தான் இருக்கிறது.

சாதாரண வண்ண மலர் உள்ளீடற்ற கோளம். துகள்களுக்குச் சுழியத்திலிருந்து உச்சம்வரை வெவ்வேறு வேகம் கொடுத்தால் உள்ளே நிரம்பிய பந்துதான் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே வேகத்தைக் கொடுத்து, நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை மட்டும் மாறவிடுங்கள். திசைகளை நீங்களே நிரலில் எழுதுவதாக இருந்தால், இரண்டு கோணங்களையும் சீராகத் தேர்ந்தெடுக்காதீர்கள். துகள்கள் இரு துருவங்களிலும் நெருக்கமாகக் குவிந்துவிடும். செங்குத்துக் கூறை -1 முதல் 1 வரை சீராக எடுத்து, சுற்றுக் கோணத்தைத் தனியாக எடுத்தால் கோளம் ஒரே சீராக நிறையும். கணினி வரைகலை ஆய்வாளர் வில்லியம் ரீவ்ஸ் 1983-இல் துகள் முறையை விளக்கி எழுதிய கட்டுரையிலேயே, ஒவ்வொரு பண்புக்கும் ஒரு சராசரியும் அதிலிருந்து விலகும் அளவும் கொடுக்கும் வழி இருக்கிறது. அந்த விலகலை எங்கே சுருக்குவது, எங்கே விரிப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை வெளிப்படும்.

நிறத்தில் பெரும்பாலோர் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். முதலாவது, துகள் பிறந்தது முதல் சீராக மங்கிக்கொண்டே போவது. உண்மையான உருண்டை கிட்டத்தட்ட ஒரே பிரகாசத்துடன் எரிந்து, மருந்து தீர்ந்ததும் சட்டென அணைகிறது. மங்கலை ஆயுளின் கடைசிப் பத்தில் ஒரு பங்குக்குள் அடக்கி, ஆயுளில் சிறிது வேறுபாடு கொடுத்தால் மலர் இங்கொன்றும் அங்கொன்றுமாக அணையும். நிறம் மாறும் வாணத்திலும் அப்படித்தான்: மேல் அடுக்கு மருந்து தீர்ந்து உள் அடுக்கு பற்றும்போது நிறம் படக்கென்று மாறும், ஆகவே நிறப்பட்டையில், நிறங்களை மெல்லக் கலக்கும் ‘பிளெண்ட்’ முறைக்குப் பதிலாக, சட்டென மாற்றும் ‘ஃபிக்ஸ்ட்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, எல்லா நிறங்களுக்கும் ஒரே பிரகாசம் கொடுப்பது. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு என்று சேர்மங்கள் மாறுகின்றன. இவற்றுள் நீல ஒளி தரும் செம்புக் குளோரைடு மிகுந்த வெப்பத்தில் சிதைந்துவிடுவதால், ஆழ்ந்த நீலத்தைப் பிரகாசமாக எரியவைப்பது வாணம் செய்பவர்களுக்கே கடினம். திரையில் கண்ணைப் பறிக்கும் நீலத்தைக் காட்டினால் கணினி வேலை என்று உடனே தெரிந்துவிடும். அதைச் சற்று அடக்கி வையுங்கள். அத்துடன் தூய சிவப்பு, தூய பச்சை என்று கொடுக்காமல் மற்ற இரு நிறக் கூறுகளையும் சிறிதளவு கலந்து, எச்டிஆர் செறிவை (வழக்கமான உச்சத்தையும் தாண்டிய பிரகாசத்தை) உயர்த்தினால், நடுப்பகுதி வெளுத்து, நிறம் ‘புளூம்’ ஒளிவட்டத்தில் தங்கும். கேமராவிலும் அப்படித்தான் பதிவாகிறது.

குண்டு மேலேறும் வேகத்தையும் நேரத்தையும் தனித்தனியே ஊகிக்காதீர்கள். 150 மீட்டர் உயரம் வேண்டுமானால், தடையில்லாத கணக்கில் விநாடிக்கு ஏறத்தாழ 54 மீட்டர் வேகமும் ஐந்தரை விநாடி நேரமும் தேவை. உச்சிக்கு அருகே, வேகம் ஓய்ந்த நிலையில் வெடிக்க வேண்டும். இன்னொன்று: யூனிட்டியில் ஒரு துகள் அமைப்பின் ‘மேக்ஸ் பார்ட்டிகல்ஸ்’ அளவு, அதாவது ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய துகள்களின் உச்ச வரம்பு, இயல்பாக 1000. ஒரே சப் எமிட்டரை எல்லாக் குண்டுகளும் பகிர்ந்துகொள்வதால், நாலைந்து குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தால் பிந்தியவற்றுக்குத் துகள் மிஞ்சாது. துகள்களைக் கூட்டியும் பயனில்லை என்று நீங்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிங்கப்பூரில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பொதுமக்கள் பட்டாசு வெடிக்க முடியாது என்பதால், நம்மில் பலருக்கும் பெரிய வாணவேடிக்கை என்றால் தேசிய தினத்திலும் புத்தாண்டு இரவிலும் மரினா பேயில் பார்ப்பதுதான். அடுத்த முறை போகும்போது கைப்பேசியில் எக்ஸ்போஷரைக் குறைத்துப் பூட்டிவிட்டுப் படமெடுத்து, வீட்டில் ஒவ்வொரு ஃபிரேமாக ஓட்டிப் பாருங்கள். முந்தைய வெடிப்பின் புகை அடுத்த வெடிப்பின் நிறத்தை வாங்கிக்கொண்டு ஒளிர்வதையும், நீரில் பிரதிபலிப்பு செங்குத்துக் கோடுகளாக நீள்வதையும் அதில் காணலாம். ஆகஸ்ட் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்றும் டிசம்பர் இறுதியில் வடகிழக்குப் பருவக்காற்றும் வீசுவதால், புகை நகரும் திசையும் பொதுவாக இரண்டு விழாக்களிலும் வேறுபடும். நம் வெப்பநிலையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது; பார்வையாளர் 700 மீட்டர் தள்ளி நிற்பதாகக் காட்சியை அமைத்தால், வெடியோசையை இரண்டு விநாடி தள்ளி வையுங்கள்.

கைப்பேசியில் ஓட வேண்டிய காட்சி என்றால், கருவியைத் திணறவைப்பது வண்ண உருண்டைகளுக்கான துகள்களைவிடப் புகைதான். திரையை அடைக்கும் பெரிய ஒளிபுகு படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்படுவதே காரணம். எனவே சுமையைக் குறைக்க வேண்டி வந்தால் புகைத் துகள்களின் எண்ணிக்கையையும் அளவையும் முதலில் குறையுங்கள். உருண்டைகளிலிருந்து உதிரும் பொறிகளைக் கடைசிவரை தொடாதீர்கள்.