‘இருபது வருஷ அனுபவம்’ என்றால் எதில்?

கேள்வி: பெங்களூரு பேகூர் பக்கம் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் வீடு கட்டுகிறோம். எங்கள் தெருவுக்கு யூ.ஜி.டி. (பாதாளச் சாக்கடை) இன்னும் வரவில்லை, செப்டிக் டேங்க்தான் கதி. காண்ட்ராக்டர், ‘இருபது வருஷமா போடுறேம்மா, போர்டு லைசென்ஸ் இருக்கு’ என்று ஒரு அட்டையைக் காட்டி, 60,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். சியாட்டிலில் இருக்கும் என் தம்பியோ, அங்கே இந்த வேலைக்கென்றே தனி லைசென்ஸ் உண்டு, அனுபவம் காட்டாமல் வாங்க முடியாது என்கிறான். இங்கே எதைப் பார்த்து நம்புவது?

பதில்: தம்பி சொல்வது சரி. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில், வீட்டுக் கழிவுநீர் அமைப்பை வடிவமைப்பவர் குறைந்தது 4 வருட அனுபவம் காட்டி, எழுத்துத் தேர்வும் தேற வேண்டும். குழி வெட்டிய வருஷங்களைச் சொன்னால் போதாது. வடிவமைப்பில் பொறுப்பு கூடிக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

உங்கள் காண்ட்ராக்டர் காட்டியது குடிநீர் வாரியத்தின் பிளம்பர் லைசென்ஸாக இருக்கும். வாரியத்தின் தண்ணீர், பாதாளச் சாக்கடைக் குழாய்களோடு வீட்டை இணைப்பதற்கானது அது. போலி என்று சொல்லவில்லை. ஆனால் யூ.ஜி.டி.யே வராத தெருவில் அதை வைத்து என்ன செய்ய?

பரீட்சையை நீங்களே வையுங்கள். அவர் போட்டு மூன்று வருஷமாவது ஆன டேங்க் இருக்கும் வீடு ஒன்றிரண்டுக்குப் போய், கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரி எத்தனை முறை வந்தது என்று கேளுங்கள். மாதாமாதம் வந்தால் கோளாறு. ‘பத்து வருஷமா லாரியே கூப்பிடலை’ என்று பெருமையாகச் சொன்னால் இன்னும் மோசம்: அடியைப் பூசாமல் விட்ட வெறும் குழியாக இருக்கலாம், அத்தனையும் மண்ணில் இறங்கி, பக்கத்து வீட்டு போர்வெல்லுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து, சோக் பிட், அதாவது டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண்ணில் இறக்கும் குழி, எங்கே வரும் என்று கேளுங்கள். இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470-ன்படி அது குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். உங்கள் சைட்டை மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடி, அதாவது 15 மீட்டர் சொச்சம்தான்! போர்வெல்லும் சோக் பிட்டும் ஒரே சைட்டில் விதிப்படி அடங்காது. பக்கத்து வீட்டு போர்வெல்லையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீங்கள் கேட்குமுன் இதை அவரே எடுத்துச் சொன்னால், அனுபவம் உண்மை. ‘அதெல்லாம் யாரும்மா பாக்குறாங்க’ என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

60,000 மொத்தமாகத் தர வேண்டாம். வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். டேங்கில் நீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டு, குறைந்ததை நிரப்பி, இன்னொரு 24 மணி நேரம் மட்டம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே மண் மூடுவது, கடைசித் தவணை தருவது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ரசீது வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

பின்னாளில் சுத்தம் செய்ய, பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டுமே கூட விழலாம். வீட்டுக்காரரும் தப்ப முடியாது. எனவே மூடியை லாரிக் குழாய் எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அழகுக்காக அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள்.