தாமதமாக வரும் பையனை ஓட விடலாமா?

கேள்வி: உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கைப்பந்துப் பயிற்சியாளராக இருக்கிறேன். சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அணியிலேயே நன்றாக ஆடும் பையன் வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தான். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். இப்போது வருவதையே நிறுத்திவிட்டான். அவன் அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பகுதியில் பல வீடுகளில் இதே நிலைமை. நான் என்ன செய்யட்டும் சார்?

பதில்: முதலில் அவனைப் போய்ப் பாருங்கள். "ஏன் வரவில்லை?" என்று ஆரம்பித்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். "எத்தனை மணிக்கு வந்தால் உனக்குத் தோதுப்படும்?" என்று கேளுங்கள்.

நானும் ஓடவிட்டவன்தான். ஒரு மாணவி மூன்றாவது சுற்றில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோம்பல் என்று திட்டினேன். முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு அவள் எதுவும் சாப்பிடவில்லை. தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டு ஓடி வருகிறாள், அதுதான் தாமதம். தம்பியையும் மைதானத்துக்கே அழைத்து வா என்றேன். எங்களுக்குப் பந்து பொறுக்கிப் போட ஓர் ஆள் கிடைத்தான், அவளும் நேரத்துக்கு வந்தாள்.

சாப்பிட ஏதாவது கொடுக்க முடிந்தால் பயிற்சிக்கு முன்னால் கொடுங்கள். வெறும் வயிற்றில் குதித்தால் தலை சுற்றும், கவனம் சிதறும், அடிபடும். எல்லோருக்கும் கொடுங்கள். வேண்டியவர்கள் கை தூக்குங்கள் என்றால் ஒரு கைகூட எழாது. என் அணியில் ஒருவன் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைப்பான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மிச்சம் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். பழைய ஷூக்களையும் அப்படித்தான் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். பதிவேடெல்லாம் கிடையாது.

காலைப் பயிற்சி வைக்கும்முன் யோசியுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? மாணவிகளில் யாருக்காவது சீக்கிரம் மூச்சு வாங்கினால் ரத்தசோகையாகவும் இருக்கலாம், பரிசோதிக்கச் சொல்லுங்கள். மருத்துவச் செலவுக்குப் பயந்து பிள்ளைகள் அடிபட்டதை மறைப்பார்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறினால் எவ்வளவு முக்கியமான ஆட்டமாக இருந்தாலும் அன்றைக்கு அவர்களை இறக்காதீர்கள்.

தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். நல்ல மனதோடு கொடுத்தாலும் பேச்சு வரும், பிள்ளையும் கூசிப்போகும். வீட்டுக்கே உதவி வேண்டுமென்றால் தலைமையாசிரியர் மூலமாகப் போங்கள். "விளையாட்டு உன்னைக் காப்பாற்றும்" என்ற வாக்குறுதியும் வேண்டாம். எத்தனை பேருக்கு அது நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். ஓடவிட்டதற்கு வருத்தம் சொல்லுங்கள். சர்வீஸ் பயிற்சியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள், அரை மணி தாமதமானாலும் அதில் சேர்ந்துகொள்வான். வந்த வேகத்தில் நேரே வலைக்குப் போகாமல் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று நீங்களும் கூடவே செய்யுங்கள்.