ஐந்து மணி அலாரம்

அன்புள்ள சார்,

நான்கு வருடங்களாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் கணவர், ஏழாவது படிக்கும் மகன், மாமியார். நிறைய வாசிக்க வேண்டும், கதைகள் மொழிபெயர்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் எல்லாம் நடக்கும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். மூன்று வாரம் எழுந்தேன். அதற்கென்று இரண்டு செயலிகள் வேறு. தினமும் இருபது வேலை எழுதி வைக்கிறேன், ஏழுகூட முடிவதில்லை. இரவில் அந்தப் பட்டியலைப் பார்த்தால் அழுகை வருகிறது. எனக்குத்தான் ஒழுங்கு போதவில்லையா? உங்கள் தினசரி அட்டவணையைச் சொல்ல முடியுமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

என் அட்டவணை உங்களுக்கு உதவாது. நான் காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், அந்த நேரத்தில் அடுப்படியில் வேறொருவர் நிற்கிறார். இதை ஒப்புக்கொள்ளவே எனக்குப் பல வருடம் பிடித்தது.

ஐந்து மணிப் பேச்சு பழையதுதான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் ஒரு நாள் அட்டவணை கொடுத்திருக்கிறார். ஐந்துக்கு எழுகிறார், சரி. ஆனால் பத்து மணிக்குப் படுத்துவிடுகிறார்! ஏழு மணி நேரத் தூக்கம். பகல் 12 முதல் 2 வரை சாப்பாடும் வாசிப்பும், கணக்குப் பார்ப்பதும். மாலை ஆறோடு வேலை முடிந்தது. அப்புறம் பொருட்களை அதனதன் இடத்தில் வைப்பது, இரவு உணவு, பாட்டு, அரட்டை. இதில் முதல் வரியை மட்டும் கிழித்தெடுத்து உங்களிடம் விற்கிறார்கள். நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பதினொன்றரை இருக்கும் என்று நினைக்கிறேன். (அவர் சாப்பாட்டை யார் சமைத்தார்கள் என்பதும் அட்டவணையில் இல்லை. மனைவி டெபோரா கடையைக் கவனித்தார், அச்சடித்த தாள்களை மடித்துத் தைத்தார் என்று மட்டும் வேறோர் இடத்தில் வருகிறது.)

அவரிடம் ஒரு குறிப்பேடும் இருந்தது. பதின்மூன்று நற்குணங்கள், ஏழு கிழமைகள். தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி. வாரம் ஒரு குணத்தில் கவனம் வைத்தால் வருடத்துக்கு நான்கு சுற்று. புள்ளிகளை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிப்போனது. பிறகு யானைத் தந்தத்தில் செய்த ஏடுகளுக்கு மாறினார், ஈரப் பஞ்சால் துடைத்துக்கொள்ளலாம் என்று. அந்தப் பதின்மூன்றில் அவரை அதிகம் படுத்தியது எது தெரியுமா? ஒழுங்கு. கடைசிவரை வரவில்லை என்று அவரே எழுதுகிறார். காரணமும் சொல்கிறார்: கூலிக்கு அச்சடிப்பவனுக்கு அட்டவணை சரிப்படும், முதலாளி தன்னைத் தேடி வருகிறவர்களை அவர்கள் வருகிற நேரத்தில்தான் பார்க்க முடியும். உங்கள் வீட்டில் உங்களைத் தேடுகிறவர்கள் அவருடைய வாடிக்கையாளர்களை விட அதிகம் என்று தோன்றுகிறது.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், அதனால் இது எளிதில் புரியும். காலையில் எழுதும் பட்டியல் பட்ஜெட். செலவுக் கணக்கு எங்கே? பழைய கணக்கைப் பார்க்காமல் எந்த நிறுவனமாவது பட்ஜெட் போடுமா? பட்டியலை இரண்டு வாரம் நிறுத்துங்கள். அன்றைய நேரம் எதில் போனது என்று படுக்கும் முன் ஐந்தாறு வரி எழுதுங்கள். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். காலை நேரம் போதவில்லை என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவன் நான். பத்தாம் நாள் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், இரவு ஒன்பதரை முதல் பதினொன்று வரை ஒரே சொல்: செல்போன். வாட்ஸப் குழுவில் யாரோ இருவர் போடும் சண்டைக்கு நான் காவல். சார்ஜரை முன் அறைக்கு மாற்றினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

உங்கள் தாள் வேறு மாதிரி இருக்கும். ஒருவேளை அதில் செல்போனே இருக்காது. துணி மடித்தது, டிபன் பாக்ஸ் கட்டியது, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது என்றுதான் இருக்கும். அப்படியானால் எந்தச் செயலியும் ஒன்றும் செய்யப்போவதில்லை. அந்தத் தாள்களைக் கணவரிடம் காட்டிப் பேசுங்கள். கூச்சம் வேண்டாம். ஏழாவது படிக்கிற பையன் தன் டிபன் பாக்ஸைத் தானே கட்டிக்கொள்ளலாம், கழுவியும் வைக்கலாம்.

அப்புறம், வாசிப்பா மொழிபெயர்ப்பா? இப்போதைக்கு ஒன்று போதும். மொழிபெயர்ப்பு என்றால் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரைப் பக்கம். பன்னிரண்டு பக்கக் கதை எட்டு வாரத்தில் முடிந்துவிடும். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த மூன்று வாரத்தில் ஒரு பக்கமாவது நடந்ததா, சொல்லுங்கள்.

கதை முடிந்ததும் அனுப்புங்கள், வாசிக்கிறேன். அலாரத்தை ஆறுக்கு மாற்றிவிடுங்கள்.