கிட்டில் ஏறிவிட்ட கடவுச்சொல்லை நீக்கிவிட்டால் போதுமா?

டேட்டாபேஸ் கடவுச்சொல்லோடு ஒரு கோப்பைத் தவறுதலாக கிட்டில், அதாவது நிரலின் மாற்றங்களை வரிசையாகச் சேமித்துவைக்கும் கருவியில், புஷ் செய்துவிட்டீர்கள் (பகிர்ந்த களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டீர்கள்); அடுத்த கமிட்டில் (சேமித்த மாற்றத்தில்) அந்த வரியை நீக்கியாயிற்று, இனி பயமில்லையே என்று கேட்கிறீர்கள். பயம் இருக்கிறது. கிட் பழையதை மறப்பதில்லை. பழைய மாற்றங்களைக் காட்டும் 'கிட் லாக் -பி' (git log -p) கட்டளையை ஓட்டிப் பாருங்கள்: நீக்கிய வரி, முன்னால் ஒரு கழித்தல் குறியோடு, கடவுச்சொல் முழுசாக அப்படியே நிற்கும்.

முதல் வேலை, டேட்டாபேஸில் அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம்தான். யாராவது ஏற்கெனவே குளோன் (முழு நகல்) எடுத்திருந்தால் அவர்கள் கணினியில் அது இருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்க உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

சரி, இனி கடவுச்சொல்லை எங்கே வைப்பது? நிரல் ஓடத் தொடங்கும்போது அதை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும். சின்ன புராஜெக்ட்டுக்கு என்விரான்மென்ட் வேரியபிள் (நிரலுக்கு வெளியே, அது ஓடும் சூழலில் வைக்கும் மதிப்பு) போதும். அது இல்லையென்றால் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும். 'இல்லாவிட்டால் இதை எடுத்துக்கொள்' என்று நிரலுக்குள் ஒரு கடவுச்சொல்லை எழுதிவைத்தால் பழைய கதைதான்.

சேவைகளும் ஆட்களும் பெருகினால் ஹாஷிகார்ப் வால்ட் போன்ற, கடவுச்சொற்களைப் பாதுகாத்துத் தரும் மென்பொருள் ஒன்றுக்கு மாறுங்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது: நிரல் கேட்கும்போது டேட்டாபேஸில் ஒரு தற்காலிகப் பயனரை உருவாக்கித் தரும், நீங்கள் வைத்த கெடு முடிந்ததும் அதுவே நீக்கிவிடும். அப்புறம் ஒன்று, பிழை வரும்போது, டேட்டாபேஸோடு இணைவதற்கான விவரங்கள் அடங்கிய கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை அப்படியே லாகில் (நிரலின் பதிவேட்டில்) எழுதிவிடாதீர்கள். கடவுச்சொல் அதற்குள்தான் இருக்கிறது.