நீடாமங்கலம் கேட்டில் ஏறும் முள்

வணக்கம் நண்பரே. உங்கள் 2010 மாடல் செடான் ஓடும்போது சரியாக இருக்கிறது, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். ஃபேன் சுற்றவில்லை என்றால் முதலில் ஃப்யூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), அப்புறம் மோட்டார் என்று பாருங்கள்.

ஃபேன் சுற்றினால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். என் வண்டியில் செங்கல் கரைத்த மாதிரி துருத்தண்ணீர் நின்றது. வேதாரண்யத்து போர்வெல் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றியிருந்தேன், உப்புப் படிந்து பாதி அடைத்துவிட்டது. கூலன்ட்டோடு (இன்ஜினை ஆற்றும் திரவம்) டிஸ்டில்டு வாட்டர் மட்டும் கலந்து ஊற்றுங்கள்.

வண்டி 15 வருடம் தாண்டினால் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கக் கட்டணம் உண்டு, பசுமை வரி தனி. அதற்கும் எடுத்து வையுங்கள்.