ஆங்கிலப் படம் பார்த்தால் காது பழகுமா?

தம்பி, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (பாமாயில்) ஆலைக்கு வேலைக்கு வந்திருக்கிறேன், ஆங்கிலம் படித்தால் புரிகிறது, மேனேஜர் பேசினால் பாதி நழுவுகிறது, தினம் படம் பார்த்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். நானும் இதே ஊரில் அப்படித்தான் பழகினேன். ஆனால் முதல் வேலையாகத் தமிழ் சப்டைட்டிலை நிறுத்துங்கள்.

கீழே தமிழ் ஓடினால் கண் அதிலேயே நிற்கும், காதுக்கு வேலை இராது. 2009இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே வெளியிட்டார்கள். டச்சுக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலம் பேசும் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பிடிபட்டது. டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களோ, புதிய வாக்கியங்களைக் கேட்டபோது, சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடத் தடுமாறினார்கள்.

முழுப் படம் வேண்டாம். சண்டைப் படமும் வேண்டாம், அதில் பேச்சே குறைவு. இரண்டு பேர் வீட்டிலோ ஆபீசிலோ உட்கார்ந்து பேசும் காட்சி, இரண்டு மூன்று நிமிடம் போதும். முதலில் எழுத்தில்லாமல் கேளுங்கள். அப்புறம் ஆங்கில எழுத்தோடு. எந்த இடம் நழுவியது என்று பார்த்து, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். "வாட் டூ யூ வான்ட் டு டூ" என்பது எழுத்தில் ஆறு சொல். படத்தில் அது "வாடயா வான்ன டூ" என்று ஒரே மூச்சில் போய்விடும். ஒவ்வொரு அசையையும் முழுசாகச் சொல்லிப் பழகிய நாம் ஆறு சொல்லுக்கும் காத்திருப்போம். அவர்கள் ஒன்றிரண்டை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள். நம் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான், சொல் தெரியாததால் அல்ல. வாய் அப்படிச் சொல்லப் பழகினால் காதும் பிடித்துக்கொள்ளும்.

சரி, இன்னொன்று. ஹாலிவுட் ஆங்கிலம் வேறு, நம் ஆலை ஆங்கிலம் வேறு. "பம்ப் ஸ்பாய்ல் ஆல்ரெடி லா" (பம்ப் கெட்டுப்போச்சு), "டுமாரோ கேன் ஆ?" (நாளைக்கு முடியுமா?) இதற்கெல்லாம் படம் உதவாது. டீ நேரத்தில் சீன ஃபோர்மனோடும் ஆபீஸ் கிராணியோடும் (குமாஸ்தா) உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள், சீக்கிரம் வந்துவிடும்.

அதுவரை, பாயிலர், பழக்குலையை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் பக்கம் யார் எதைச் சொன்னாலும் புரியாமல் தலையாட்டாதீர்கள். ஸ்டெரிலைசருக்குள்ளேயே சுமார் 3 பார் (bar) அழுத்தத்தில் நீராவி இருக்கிறது. "சாரி பாஸ், ஒன்ஸ் மோர்" என்று கேளுங்கள், இங்கே யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.