விவாதப் பலகையில் ஏன் யாரும் பேசுவதில்லை? செயல்பாட்டுக் கோட்பாடு: கேள்வி பதில்

கேள்வி (விரிவுரையாளர்): இணையப் பாடத்தளத்தில் விவாதப் பலகை வைத்து, வாரம் இரண்டு பதிவுகளுக்கு மதிப்பெண் தருகிறேன். கடைசி நாள் இரவு வந்து "நல்ல கருத்து, உடன்படுகிறேன்" என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். வேறு மென்பொருளுக்கு மாறலாமா சார்?

பதில்: மாற வேண்டாம். புதுப் பலகையிலும் அதே வரிதான் வரும். மனிதர்கள் ஒரு இலக்குக்காக, கருவிகளோடும் விதிகளோடும் சேர்ந்து செய்யும் வேலையை ஆராய்வது செயல்பாட்டுக் கோட்பாடு. அது முதலில் கேட்பது, அங்கே யார் எதற்காக உழைக்கிறார்கள் என்பதைத்தான். நீங்கள் பலகையைத் திறந்தது ஒரு வாதத்தை வளர்த்தெடுக்க. மாணவர் முன்னால் இருப்பதோ "இரண்டு பதிவு" என்ற கணக்கு. அந்தக் கணக்கை உண்டாக்கியது உங்கள் விதி. மாணவர்கள் விதிக்குச் சரியாகவே நடந்துகொள்கிறார்கள்.

விதியைத் தொட்டுப் பாருங்கள். பதிவுகளை எண்ணாமல், சக மாணவர் ஒருவரின் வாதத்தால் தன் கட்டுரையில் எந்தப் பத்தி மாறியது என்று காட்டச் சொல்லுங்கள். அப்போது மற்றவர் எழுதியதைப் படித்தே ஆக வேண்டும். அப்புறம் வேலைப் பகிர்வு. எல்லாக் கேள்வியையும் நீங்களே கேட்டுக்கொண்டிருந்தால், எல்லாப் பதிலும் உங்களைப் பார்த்துத்தான் வரும்.

கேள்வி (ஆய்வு மாணவி): இந்தக் கோட்பாட்டை வளர்த்த பின்லாந்து ஆய்வாளர் எங்கெஸ்ட்ரோமின் முக்கோணப் படத்தை வரைந்து எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டேன். வழிகாட்டி, "பகுப்பாய்வு எங்கே?" என்கிறார்.

பதில்: அவர் கேட்பது நியாயம். செய்பவர், கருவி, இலக்கு, விதி, சமூகம், வேலைப் பகிர்வு என்று ஆறையும் நிரப்பினால் கிடைப்பது ஒரு பட்டியல். 1987இல் எங்கெஸ்ட்ரோம் இந்தப் படத்தை முன்வைத்தபோது, அதன் உயிர் முரண்பாடுகளில்தான் இருந்தது. கருவி ஒருபக்கம் இழுக்க, விதி எதிர்ப்பக்கம் இழுக்கும் இடத்தைத் தேடுங்கள். கூட்டாக எழுத உதவும் ஆவணத்தைக் கொடுத்துவிட்டு, தேர்வில் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறோமே, அது மாதிரி. அந்த விதி எப்போது, ஏன் வந்தது என்றும் தோண்டுங்கள். வரலாறு இல்லாவிட்டால் முரண்பாடு வெறும் குறைசொல்லல் ஆகிவிடும்.

இன்னொன்று: ஒரே முக்கோணம் போதாது. ஆசிரியருக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று, தளத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு ஒன்று. இந்த மூன்றும் உரசும் இடத்தில்தான் உங்கள் ஆய்வேடு இருக்கிறது.

கேள்வி: நேர்காணலில் முரண்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நேராகக் கேட்டால் வராது. பேச்சைக் கவனியுங்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனால்..." என்று இழுப்பது தயக்கம். "இப்படியும் முடியல, அப்படியும் முடியல, என்னதான் செய்றது?" என்றால் இருபுறமும் கட்டுண்ட நிலை. எங்கெஸ்ட்ரோமும் சக ஆய்வாளர் சன்னினோவும் 2011இல் இத்தகைய பேச்சு அடையாளங்களை வகைப்படுத்தியிருக்கிறார்கள். பேச்சு மட்டும் போதாது. அவர்கள் தளத்தில் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: இந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட சோவியத் உளவியலாளர் லியோன்தியேவ் சொல்லும் மூன்று அடுக்குகள் எதற்கு?

பதில்: பாடம் நடத்துவது செயல்பாடு, அதற்கென்று ஒரு காணொளி பதிவுசெய்வது செயல், யோசிக்காமல் பொத்தானைத் தட்டுவது இயக்கம். தளத்தைப் புதுப்பித்து பொத்தானை இடம் மாற்றினால், நேற்றுவரை கை தானாகச் செய்ததற்கு இன்று மூளை வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பாடத்துக்குப் போக வேண்டிய கவனம் பொத்தானுக்குப் போகிறது. ஆசிரியர்களின் எரிச்சலில் பாதி இதுதான் என்பது என் எண்ணம். அதைச் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி (முதுகலை மாணவர்): செயற்கை நுண்ணறிவு கட்டுரை எழுதித் தருகிறதே, அதைச் 'செய்பவர்' இடத்தில் வைக்கலாமா?

பதில்: இந்தக் கோட்பாட்டில் கூடாது. நோக்கம் மனிதருக்குத்தான், கருவி இடையில் நிற்கும். மனிதரையும் பொருளையும் சமமாக வைத்துப் பார்க்க விரும்பினால் செயலி-வலைப்பின்னல் கோட்பாட்டுக்கு (Actor-Network Theory) போங்கள். இங்கேயே இருந்தால், எழுதும் வேலையில் எந்தப் பகுதி கருவிக்குப் போனது, எது மாணவரிடம் மிஞ்சியது, அந்த மிச்சத்துக்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள் என்று பாருங்கள்.